நடுவில் நின்ற பிடி

எங்கள் மில்லில் இருக்கும் பிரேக்கரை முதல் வருடம் நான் திட்டியதைப் போல ஒரு மனிதனைத் திட்டியிருந்தால், அவன் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டே போயிருப்பான். பிரேக்கர் போகவில்லை. போகாமல் இருந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஒரு நாள் வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்தில் எங்களுடையது சின்ன மில். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மோட்டர், நெல்லைக் குற்றுகிற மெசின், நெல்லை அதற்கு மேலே ஏற்றிக் கொட்டுகிற எலிவேட்டர். எலிவேட்டர் என்றால் ஆள் ஏறுகிற சாமான் அல்ல. நீளமான தகரக் கூட்டுக்குள் ஒரு பட்டி சுற்றும். அந்தப் பட்டியில் வரிசையாகச் சின்ன இரும்பு வாளிகள். கீழே நெல்லை அள்ளி மேலே கொண்டுபோய்க் கவிழ்க்கும். இவை எல்லாவற்றையும் அந்த ஒரே மோட்டர்தான் இழுக்கும். சுற்றுவட்டாரத்துக் கமக்காரர்கள் வீட்டுச் சாப்பாட்டு நெல்லை அவித்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். நாங்கள் குற்றி அரிசியாகக் கொடுப்போம்.

வன்னியில் என் வயதுக்காரர் யாரும் மின்சாரத்தோடு வளர்ந்தவர்கள் இல்லை. சண்டைக் காலம் முழுதும் குப்பி விளக்குத்தான். ரேடியோவில் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் மற்றவர்கள் கேட்போம். அப்படி வளர்ந்தவனுக்கு ஒரு சாமான் ஓடவேண்டும், அவ்வளவுதான். நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று கேட்கமாட்டோம். எப்படித் திரும்ப ஓட்டலாம் என்றுதான் பார்ப்போம்.

மில்லையும் அப்படித்தான் ஓட்டினேன். முதலில் டீசல் எஞ்சின். பிறகு மின்சார லைன் வந்தது, மோட்டர் வாங்கினேன். சுவரில் இரும்புப் பெட்டியில் பழைய மெயின் சுவிச், உள்ளே பியூஸ் கட்டைகள். பியூஸ் எரிந்தால் கம்பி போடுவேன். திரும்ப எரிந்தால் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுவேன். அதுவும் எரிந்தால் கையில் அகப்பட்ட செப்புக் கம்பி எதுவோ அது. கடைசியில் பியூஸ் எரிவது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக மோட்டர் எரிந்தது.

கிளிநொச்சியிலிருந்து எலக்ட்ரீசியன் வந்தார். சரியான வாயாடி. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே பாம்பு கிடந்ததைப் போல ஒரு அடி பின்னால் போனார்.

"அண்ணை, இது பியூஸ் கம்பி இல்லை. மாடு கட்டுற கயிறு. இவ்வளவு நாளும் மில் எரியாமல் நிண்டதே பெரிய காரியம்."

"இப்ப என்ன செய்யிறது?"

"எம்சிசிபி எண்டு ஒரு பிரேக்கர் போடுவம்."

அவர் கொண்டுவந்த சாமான் ஒரு செங்கல் அளவில் இருந்தது. கறுத்த வார்ப்பு உடம்பு, எங்கும் திறக்க வழியில்லை. முன்பக்கத்தில் மட்டும் பெருவிரல் தடிப்பில் ஒரு பிடி. இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தேநீர் ஆறும்வரை விளக்கினார். மோட்டருக்குப் பாரம் கூடிக் கரண்ட் அளவுக்கு மேல் இழுத்தால், உள்ளே ஒரு தகடு சூடாகி வளைந்து தொடுப்பை விழுத்துமாம். வயர் ஒன்றோடொன்று முட்டி ஷோர்ட் ஆனால், காந்தம் இழுத்து அந்தக் கணமே விழுத்துமாம். எரிந்துபோக ஒன்றுமில்லை, கம்பி தேடவும் தேவையில்லை.

"ஆனா ஒண்டு, அண்ணை. பிடியைப் பாருங்கோ. மேல நிண்டா ஓடுது. அடியில நிண்டா நீங்கள் நிப்பாட்டினது. நடுவில நிண்டா அது தானா விழுந்தது. நடுவில இருந்து நேர மேல தள்ளினா பிடிக்காது. முதல்ல அடிவரைக்கும் கீழ இழுங்கோ, கடக்கெண்டு கொளுவும். அதுக்குப் பிறகு மேல தள்ளுங்கோ."

"ஏன் இந்த வில்லங்கம்? மேல தள்ளினா ஓடவேண்டியதுதானே?"

"உங்களைப் போல ஆக்களுக்காகத்தான் அப்பிடிச் செய்து வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுவடை முடிந்து மில் வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும்போது நெல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் போதும், பிரேக்கர் விழுந்துவிடும். காத்திருக்கிற சனம் என்னைப் பார்க்கும். நான் பிரேக்கரைப் பார்ப்பேன். வாயில் வந்தபடி பேசிவிட்டுக் கீழே இழுத்து மேலே தள்ளுவேன். பழைய மெயின் சுவிச்சைத் தூக்கி எறியாமல் பரணில் வைத்திருந்தேன். ஒரு நாள் இந்தப் பிரேக்கரைக் கழற்றிவிட்டு அதைத்தான் திரும்பப் பூட்டப்போகிறேன் என்று மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மனைவி முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண். கடற்றொழில் செய்கிற வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் ஒரே தறப்பாள் கொட்டில் வரிசையில் இருந்த பழக்கம் கலியாணத்தில் முடிந்தது. மில்லில் அரிசியை நிறுத்துச் சாக்கில் கட்டுவது அவள் வேலை. என்னைவிட வேகம். ஆனால் பிரேக்கர் இருக்கிற பலகைப் பக்கம் மட்டும் நான் அவளை அண்ட விடுவதில்லை.

"எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்கோவன். நீங்கள் இல்லாத நேரம் நானும் போடலாம்தானே."

"உமக்கேன் உந்த வில்லங்கம்? கரண்ட் அடிச்சுப்போடும்."

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு தராசடிக்குப் போய்விடுவாள். ஆனால் தராசடியில் நின்றால் பலகை நேராகத் தெரியும். அதை நான் யோசிக்கவில்லை.

இன்னொரு விசயமும் சொல்லவேண்டும். நான் பிறந்தது அக்கராயன் பக்கம். அங்கே கிணறுகள் ஆழம். சேறு எடுக்க ஆள் இறங்கும்போது உடம்பில் போட்டிருக்கிற சேட்டைக் கழற்றிக் கப்பி மரத்தில் கொளுவிவிட்டுத்தான் இறங்குவார். சேட்டு அங்கே தொங்குகிறவரை யாரும் வாளி விடமாட்டார்கள், பம்பைத் தொடமாட்டார்கள். உள்ளே ஆள் நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பார்த்தே தெரிந்துகொள்கிறோம். அந்தப் பழக்கத்தையே நான் மில்லுக்கும் கொண்டுவந்தேன். மெசினுக்குள் கை வைக்கிற நேரம் என் சேட்டு பிரேக்கர் பிடியில் தொங்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் அதைக் கண்டால் பலகைக்குக் கிட்டவும் வரமாட்டார்கள்.

மனைவியின் ஊரில் கிணறு என்பது மணலில் தோண்டிய ஒரு பள்ளம். கொஞ்சம் எட்டினால் கையாலேயே தண்ணீர் அள்ளலாம். அங்கே யார் கிணற்றுக்குள் இறங்கப்போகிறார்கள்? அவளுக்கு எங்கே தொங்கினாலும் சேட்டு சேட்டுத்தான். தொங்கினால் தோய்க்க வேண்டும். நானும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

அன்று மாசி மாத வெயில். மோட்டருக்கு ஸ்டார்ட்டர் என்று ஒன்று உண்டு. கரண்ட் நின்று திரும்ப வந்தாலும் நாம் பொத்தானை அமத்தும்வரை மோட்டரை ஓடவிடாது. அது பழுதாகிக் கிளிநொச்சிக்குத் திருத்தக் கொடுத்திருந்தேன். அறுவடைக் காலத்தில் மில்லை மூடிவைக்க மனம் வராமல், அந்த வாரம் மட்டும் மோட்டரை நேரே பிரேக்கரில் கொடுத்து ஓட்டினேன். பிரேக்கரைத் தூக்கினால் மோட்டர் ஓடும். எலக்ட்ரீசியனுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாயை யார் மூடுவது?

மத்தியானத்துக்குப் பிறகு அக்கராயனிலிருந்து ஒரு கமக்காரர் லான்ட் மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் நெல் கொண்டுவந்தார். மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு, அரிசி அவசரம். அவசரத்தில் நெல்லைச் சரியாகக் காயவைக்கவில்லை. நான் கையில் அள்ளிப் பார்த்து முகத்தைச் சுழித்தேன். அவர் கெஞ்சினார். சரி என்று கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் எலிவேட்டரின் அடியில் நெல் இறுகி அடைத்துக்கொண்டது. மோட்டர் முனகியது. பிரேக்கர் விழுந்தது.

"கரண்ட் போயிட்டுதோ?" என்றார் கமக்காரர். இங்கே எது நின்றாலும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

"இல்லை, உங்கட நெல்லு அடைச்சுப்போட்டுது. போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

அவர் போனார். லான்ட் மாஸ்டரை நிறுத்தாமல் போனார். அதை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பெரும்பாடு என்று முதலே சொல்லியிருந்தார். வாசலில் நின்று அது டப டப என்று கொட்டகையையே அதிரவைத்துக்கொண்டிருந்தது.

பிரேக்கர் பிடி நடுவில் நின்றது. அதை நான் கீழே இழுக்கவில்லை. வேலை முடிந்த பிறகு ஒரேயடியாக இழுத்துத் தள்ளலாம்தானே. சேட்டைக் கழற்றிப் பிடியில் போட்டேன். மெசினுக்குப் பின்னால் போய், எலிவேட்டரின் அடிக் கதவைத் திறந்து, நிலத்தில் சரிந்து படுத்து, வலக்கையைத் தோள்வரை உள்ளே விட்டேன். ஈர நெல்லும் சாக்கு நூலும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. வாளிகளுக்கு இடையில் கையை வளைத்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக் குசினியில் அடுப்படியில் நின்ற மனைவி மில் நின்றதைக் கேட்டிருக்கிறாள். அவளும் வன்னிச் சனம்தானே. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துத் தன் பாட்டில் வேலையைப் பார்த்திருக்கிறாள். பிறகு ஏதோ நினைவில் குசினி லைட்டைப் போட, அது எரிந்திருக்கிறது. கரண்ட் வந்துவிட்டது, இந்த மனுசன் தெரியாமல் எங்கேயோ கதைத்துக்கொண்டு நிற்கிறார் என்று மில்லுக்கு வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது மெசினின் கால்களுக்கு இடையில் அவளுடைய செருப்புகள் மட்டும்தான்.

நான் தலையைத் திருப்பினேன். பட்டிச் சில்லுக்கும் உமிக் குழாய்க்கும் நடுவில் ஒரு இடைவெளி. அதனூடாகப் பலகை தெரிந்தது. அவள் என் சேட்டைப் பிடியிலிருந்து எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுழித்துக்கொண்டு அதைத் தோளில் போட்டாள்.

நான் கத்தினேன். லான்ட் மாஸ்டர் என்னைவிடப் பலமாகக் கத்தியது.

கையை இழுத்தேன். வரவில்லை. மடித்து விட்ட முழங்கைக்கு மேலே ஒரு வாளியின் விளிம்பு மாட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக என்றால் திருப்பி எடுக்கலாம். மெதுவாக எடுக்க நேரம் எங்கே? அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். தொடாதே என்று சொன்ன சாமானைத் தொடப்போகிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம். பிடியை மேலே தள்ளினாள்.

கண்ணை மூடிவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். பிடி சோர்ந்துபோய் நடுவிலேயே நின்றது. அவள் திரும்பவும் தள்ளினாள். திரும்பவும் அது நடுவுக்கே வந்துவிட்டது. பிறகு இரண்டு பெருவிரலையும் கொடுத்துத் தள்ளினாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நான் அதற்குச் சொல்கிற வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பாள்.

பிடிக்காது, பிடிக்காது, நடுவிலிருந்து பிடிக்காது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு கையைத் திருப்பினேன். வாளி விளிம்பு கொஞ்சம் வழிவிட்டது. அந்த நேரம் அவள் தள்ளுவதை நிறுத்தினாள். ஒரு அடி பின்னால் வந்து பிடியைப் பார்த்து யோசித்தாள். அந்த யோசனைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. தராசடியிலிருந்து எத்தனையோ நாள் நான் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள்.

அவள் பிடியைக் கீழே இழுத்தாள். அடிவரை.

நான் கத்துவதை விட்டேன். தோலாவது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தேன். தோல் போனது. கை வந்தது. நான் அந்தப் பக்கம் உருண்டேன். மோட்டர் உறுமியது. திறந்து கிடந்த கதவுக்குள் வாளிகள் கட கட என்று மேலே ஏறத் தொடங்கின. நான் நிலத்தில் கிடந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மெசினைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பாடசாலையில் முதலாம் பரிசு வாங்கிய பிள்ளையும் அப்படிச் சிரித்திராது.

"பாத்தீங்களோ! நானே போட்டிட்டன்!"

நான் எழும்பிப் போய்ப் பிரேக்கரை நிறுத்தினேன். வாசலுக்குப் போய் அந்த லான்ட் மாஸ்டரையும் நிறுத்தினேன். ஸ்டார்ட் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. கொட்டகை அமைதியானது. திரும்பி வந்தபோது அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"கையில என்ன ரத்தம்?"

"ஒண்டுமில்லை. உரஞ்சிப்போட்டுது."

அவள் என் கையைப் பார்த்தாள். திறந்து கிடந்த அடிக் கதவைப் பார்த்தாள். பக்கத்தில் நான் கிள்ளிப்போட்ட ஈர நெல்லைப் பார்த்தாள். அப்படியே அரிசிச் சாக்கின் மேல் குந்திவிட்டாள்.

"உள்ளுக்குள்ளயோ கை வைச்சிருந்தனீங்கள்?"

"ஓம்."

"நான் தள்ளின நேரமும்?"

"ஓம்."

அவள் என் கையை இழுத்து மடியில் வைத்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்துப் பார்த்தாள். எல்லாம் மடங்கின, எல்லாம் விரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வயிறு நோகச் சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. கை இருக்கிறது, நான் இருக்கிறேன், அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. இவ்வளவு சந்தோசத்தை நான் கலியாணத்தன்றும் அனுபவித்ததாக நினைவில்லை.

"விசரே உங்களுக்கு?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே தோளில் கிடந்த சேட்டால் என் முதுகில் அடித்தாள். "எத்தனை தரம் தள்ளினனான்! முதல் தரமே பிடிச்சிருந்தா?"

"பிடிக்காதப்பா. அது அப்பிடித்தான் செய்திருக்கிறது."

பழைய மெயின் சுவிச் என்றால் முதல் தரமே பிடித்திருக்கும். அது எதையும் கேட்காது, தூக்கினால் ஓடும். எனக்குப் பிடித்ததும் அதுதானே. இந்தக் கறுத்த செங்கல், அவள் தள்ளத் தள்ள மாட்டேன் என்று நின்றது. அது நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. என் கை வெளியே வரப் போதுமான நேரம். அவ்வளவு போதும்.

கமக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். "அரிசி முடிஞ்சுதோ? ஐயோ, ஆர் மெசினை நிப்பாட்டினது?" அவர் கேட்டது லான்ட் மாஸ்டரை. நாங்கள் இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

அடுத்த நாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஸ்டார்ட்டர் இல்லாமல் ஓட்டியதற்கு அவர் திட்டிய திட்டு நான் பிரேக்கரைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு வந்தது. ஸ்டார்ட்டரைப் பூட்டும்வரை மில் ஓடவில்லை. பிரேக்கர் பிடிக்கு மேலே ஒரு இரும்புக் கொளுக்கியும் வைத்தார். பிடியை அடியில் இழுத்துவிட்டு அதில் பூட்டுப் போடலாம். உள்ளே கை வைக்கிற ஆளிடம்தான் அந்தப் பூட்டின் திறப்பு இருக்க வேண்டும். வேறு யாரும் தூக்க முடியாது.

மனைவிக்கு எல்லாவற்றையும் காட்டிப் பழக்கினேன். மேல் என்றால் என்ன, நடு என்றால் என்ன, அடி என்றால் என்ன. அவள் ஒருமுறை கேட்டாள், போதும். இப்போது பிரேக்கர் விழுந்தால் நான் வாயைத் திறக்குமுன் அவள் நெல்லைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். ஈரம் என்றால் ஆள் யார் என்றும் பார்ப்பதில்லை. திரும்பக் கொண்டுபோய்க் காயவைத்துக் கொண்டுவாங்கோ என்று அனுப்பிவிடுகிறாள். மில்லில் இப்போது பாதிச் சனத்துக்கு என்னைவிட அவளிடம்தான் பயம்.

ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. நான் எலிவேட்டருக்குக் கீழே போகிற நேரம், எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து, பலகைக்கு முதுகைக் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பூட்டுப் போட்டிருக்கும். திறப்பு என் இடுப்பில், சாறத்து மடிப்பில் இருக்கும். நெல் கொண்டுவருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"பூட்டுத்தான் கிடக்கே. நீர் போய் உம்மட வேலையைப் பாருமன்."

அவள் அசையவில்லை.

"பூட்டுக்கு என்ன தெரியும், உள்ளுக்குள்ள கிடக்கிறது ஆரெண்டு?"

நிலத்தில் சரிந்து படுத்து, பயமில்லாமல் கையை உள்ளே விட்டேன்.